சோசலிசம்: கண்டிக்கப் பிறந்த சொல்

சோசலிசம் என்ற சொல்லைப் பிரெஞ்சில் பரப்பியவர்களில் முக்கியமானவர், ஆரம்பத்தில் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார். அவர் பியேர் லெரூ. 1797இல் பாரிசில் பிறந்தவர், அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோத்தவர், அந்த வேலையை எளிதாக்க இயந்திரம் செய்யவும் முயன்றவர்.

லத்தீனில் 'சோசியுஸ்' என்றால் தோழன், கூட்டாளி. வேர் அதுதான். இங்கிலாந்தில் கூட்டுறவு வாழ்க்கையை வலியுறுத்திய சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் ஆட்கள் 1827லேயே 'சோசலிஸ்ட்' என்று எழுதிவிட்டார்கள், அதனால் சொல்லை உண்டாக்கியதே நான்தான் என்று லெரூ பின்னால் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது.

ஆனால் 1834இல் அவர் எழுதிய கட்டுரை முக்கியமானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர், சமூகத்தைப் புதிதாக அமைக்க வேண்டும் என்ற சிந்தனையாளர் சான் சிமோனின் சீடர்கள் குழுவில் இருந்தார். அங்கே குழுத் தலைவர் ஆன்ஃபான்தேன் என்பவர் 'தந்தை' என்ற பட்டத்தோடு போப்பைப் போல நடந்துகொண்டதைப் பார்த்து 1831இல் வெளியேறிவிட்டார். அந்தச் சூடு கட்டுரையில் தெரிகிறது: தனிமனிதவாதம் ஆளை ஆள் அடித்துத் தின்ன விடும், சோசலிசமோ தனிமனிதனையே விழுங்கிவிடும், இரண்டும் வேண்டாம் என்கிறார். அப்புறம் காலப்போக்கில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எதையும் பலி கொடுக்காத கொள்கை என்று பொருளைத் திருத்தி, அந்தப் பெயரை அவரே ஏற்றுக்கொண்டார். 1848இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார், அந்த ஆண்டு ஜூனில் பாரிசில் நடந்த எழுச்சியில் தோற்ற தொழிலாளர்களுக்காகப் பேசினார், 1851இல் லூயி நெப்போலியன் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் பிரிட்டனின் ஆளுகையில் இருந்த ஜெர்சி தீவில் அகதியாக வாழ்ந்தார். 1871 ஏப்ரலில் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் பாரிஸ் கம்யூன், அதாவது அப்போது நகரை ஆண்ட புரட்சி அரசு, பிரதிநிதிகளை அனுப்பியது, அவருடைய தத்துவத்துக்காக அல்ல, 1848 ஜூனில் தோற்றவர்கள் பக்கம் நின்றதற்காக என்று தெளிவாகச் சொல்லியே அனுப்பியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பொதுவுடைமை' என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அது கம்யூனிசத்துக்கு நிலைத்துவிட்டது, தவிர அது சொத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. 'சமவுடைமை'க்கும் அதே குறைதான். 1930களில் பெரியாரும் சிங்காரவேலரும் பரப்பிய 'சமதர்மம்' மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி வாழ வேண்டும் என்பதைச் சொல்கிறது, லெரூவின் மனதில் இருந்த பொருளுக்கு அதுதான் மிக அருகில் வருகிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'நிகரமை' என்கிறார்கள், நிகர் என்ற வேரிலிருந்து வந்த அழகான சொல், இன்னும் அதிகம் புழங்க வேண்டும். இலங்கையின் பெயரிலேயே 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்று இருப்பதால் சோசலிசத்தையும் அந்நியம் என்று தள்ள முடியாது. நான் எழுதும்போது கொள்கைக்குச் சமதர்மம், கட்சிப் பெயர்களுக்குச் சோசலிசம் என்று வைத்துக்கொள்கிறேன்.