ஜிப்: பனிக்கால பூட்ஸ் தந்த பெயர்

ஜிப் என்றதும் நமக்குக் கால்சட்டையோ பள்ளிக்கூடப் பையோதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பெயர் முதலில் ஏறியது ஒரு ரப்பர் பூட்ஸின்மேல். அமெரிக்காவில் பனிக்காலத்துக்கென்று விற்ற பூட்ஸ் அது, ஆண்டு 1923. கருவி அதற்கு முப்பது ஆண்டு முன்பே பிறந்துவிட்டது. இடைப்பட்ட காலம் முழுக்க அது வேறு வேறு பெயர்களில் திரிந்தது, ஒன்றும் மக்கள் வாயில் நிற்கவில்லை. கடைக்கு வந்து பூட்ஸ் வாங்கியவர்கள்தான் இந்தப் பெயரை நிலைக்க வைத்தார்கள்.

அந்தக் காலத்துக் குளிர்காலக் கொள்முதலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். வட அமெரிக்காவில் இலையுதிர் காலம் முடியும் முன்பே கம்பளி உள்ளாடை, கோட், மஃப்ளர், கையுறை எல்லாம் வீட்டுக்கு வந்தாக வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் கடைக்குப் போனார்கள். கிராமத்து விவசாயிகள் சியர்ஸ் ரோபக், மாண்ட்கோமரி வார்ட் போன்ற கம்பெனிகளின் தடித்த விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டி, கால் அளவை எழுதி, பணத்தைத் தபாலில் அனுப்பினார்கள். 1913 ஜனவரியில் அரசு தபாலே பார்சல் சுமக்கத் தொடங்கிய பிறகு இது இன்னும் சுலபமானது.

காலணி விஷயத்தில் ஒரு ஜோடி போதாது. தோல் ஷூ உருகிய பனிச்சேற்றில் ஊறினால் விறைத்து வெடித்துவிடும். அதனால் ஷூவுக்கு மேலேயே இன்னொரு காலணி மாட்டினார்கள். ரப்பர் அடியும், துணியோ ரப்பரோ வைத்த மேல்பாகமும் கொண்ட அதற்குக் கலோஷ் என்று பெயர். கணுக்காலுக்கு மேல் உயர்ந்த வகையை அமெரிக்கக் கடைக்காரர்கள் ஆர்க்டிக்ஸ் என்றார்கள்.

இதன் முன்பக்கத்தில் வரிசையாக உலோக பக்கிள்கள் இருக்கும், பெரும்பாலும் நான்கு. வெளியே கிளம்பும்போது குனிந்து நான்கையும் மாட்ட வேண்டும். போன வீட்டு வாசலில் நான்கையும் கழற்ற வேண்டும். திரும்பும்போது மறுபடி மாட்ட வேண்டும். இது ஒரு காலுக்கு. அடுத்த காலுக்கும் அதே வேலை. கம்பளிக் கையுறையோடு பக்கிள் பிடிபடாது. கையுறையைக் கழற்றினால் குளிர்ந்த இரும்பில் விரல் மரத்துப் போகும். உள்ளே இருக்கும் ஷூவும் சாதாரணப்பட்டதில்லை. பெண்களின் உயர்ந்த ஷூவில் பக்கவாட்டில் சின்னச் சின்ன பட்டன்கள் நிறைய இருக்கும். அவற்றைத் துளைக்குள் இழுத்துவிடவே கைப்பிடி வைத்த ஒரு கொக்கி ஊசி வீட்டுக்கு வீடு இருந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இளம்பெண்கள் பலர் கலோஷின் பக்கிள்களை மாட்டாமலேயே படபடக்க விட்டு நடந்தது ஒரு மோஸ்தராகவே ஆனது. அந்தக் காலத்துப் புதுமோஸ்தர் இளம்பெண்களைக் குறிக்கும் ஃப்ளாப்பர் என்ற ஆங்கிலப் பெயர் இந்தப் படபடப்பிலிருந்துதான் வந்தது என்று பலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. அந்தச் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது.

இனி கருவியின் கதை. சிகாகோவைச் சேர்ந்த விட்கோம்ப் ஜட்சன் 1893 ஆகஸ்டில் ஒரு காப்புரிமை பெற்றார். காப்புரிமையின் தலைப்பிலேயே காலணி இருக்கிறது: காலணியின் கொக்கிகளைப் பூட்டவும் திறக்கவும் ஒரு கருவி. அதே ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியிலும் அதைக் காட்டினார்கள். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவருடைய கருவியில் கொக்கியும் வளையமும்தான் மாட்டிக்கொண்டன. அது சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் நேரம் காலம் பார்க்காமல் பிளந்துகொள்ளும்.

அதைச் சரிசெய்தவர் ஸ்வீடனில் பிறந்த கிடியன் சண்ட்பேக் என்ற பொறியாளர். கொக்கியை அவர் மொத்தமாகக் கைவிட்டார். ஒரே மாதிரியான சின்ன உலோகப் பற்களை இரண்டு நாடாக்களில் வரிசையாகப் பதித்தார். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சிறு மேடு, மறுபக்கம் சிறு குழி. ஒன்றின் மேடு அடுத்ததன் குழிக்குள் போய் உட்காரும். முன்பு அங்குலத்துக்கு நான்கு கொக்கி இருந்த இடத்தில் இப்போது பத்துப் பதினொரு பற்கள் வந்தன. பையில் இருக்கும் ஜிப்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், இது அப்படியே தெரியும். நடுவில் ஓடும் துண்டுக்குள் ஆங்கில ஒய் எழுத்துபோல் வழி பிரிந்திருக்கும். மேலே இழுத்தால் இரு கிளை வழியாக வரும் பற்கள் சற்றே சாய்ந்து, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைந்து, ஒரே வரிசையாக வெளியே வரும். கீழே இழுத்தால் நடுவில் உள்ள ஆப்பு அவற்றைப் பிரிக்கும். 1913இல் வடிவம் பெற்ற இதற்கு 1917இல் காப்புரிமை கிடைத்தது. சண்ட்பேக் அதற்கு வைத்த பெயர், பிரிக்கக்கூடிய இணைப்பு என்று பொருள்படுவது. பென்சில்வேனியாவின் மெட்வில் ஊரில் அதைச் செய்த கம்பெனியின் பெயரோ, கொக்கியில்லா இணைப்பு என்று பொருள்படும் ஹுக்லெஸ் ஃபாஸ்னர். இரண்டுமே உண்மையான பெயர்கள்தாம். ஆனால் கடையில் நின்று கேட்டு வாங்க நாக்குக்கு வராத பெயர்கள்.

ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் இருந்த குட்ரிச் ரப்பர் கம்பெனி இந்த இணைப்பை வாங்கித் தன் கலோஷில் தைத்தது. முதலில் வைத்த பெயர் மிஸ்டிக் பூட். கம்பெனியின் தலைவர் பெர்ட்ரம் வொர்க்குக்கு அது போதவில்லை. பொருள் என்ன செய்கிறதோ அது பெயரில் கேட்க வேண்டும் என்று சொல்லி, அவர் சூட்டியதாகச் சொல்லப்படும் பெயர்தான் ஜிப்பர். பக்கிள் நான்கையும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே இழுப்பில் மூடும் பூட்ஸ் எப்படி இருந்திருக்கும்! கையுறையைக் கழற்றக்கூட வேண்டாம். ஜிப்பர் என்பது அப்போது முழு பூட்ஸின் வணிகப் பெயர். குட்ரிச் அதை வணிகக் குறியாகவும் பதிவு செய்தது. ஆனால் மக்கள் பூட்ஸை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் ஜிப்பர் என்று சொல்லத் தொடங்கினார்கள். முப்பதுகளில் அது குழந்தை உடுப்புக்கும் கால்சட்டைக்கும் ஏறியபோது பெயரும் கூடவே ஏறியது.

ஆங்கிலத்தில் ஜிப் என்பது ஓர் ஒலிக்குறிப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, காற்றைக் கிழித்துப் போகும் பொருளின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் அதைச் சொன்னார்கள். நம் சர், விருட் மாதிரி. அமெரிக்கர் ஜிப்பர் என்று நிறுத்திக்கொள்ள, பிரிட்டிஷார் ஜிப் என்று சுருக்கினார்கள். நமக்கு வந்தது அந்தச் சுருக்கம். வந்ததும் பேச்சில் ஓர் உகரம் சேர்ந்து ஜிப்பு ஆனது. கணினியில் ஜிப் ஃபைல் என்கிறோமே, அதில் இருப்பது வேகம் என்ற பழைய பொருள்தான். மூடித் திறப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்புறம், ஜிப்பா. அது அரபியின் ஜுப்பா வழியாக வந்த உடுப்புப் பெயர். ஜிப்புக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

மற்ற மொழிகள் இதற்கு எப்படிப் பெயர் வைத்தன என்று பார்ப்பது நமக்கு உதவும். பிரெஞ்சுக்காரர்கள் மின்னல் மூடி என்றார்கள். ரஷ்யர்கள் வெறுமனே மின்னல் என்றார்கள். சண்ட்பேக்கின் தாய்மொழியான ஸ்வீடிஷில் அது மின்னல் பூட்டு. ஸ்பானியர்கள் வேகத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்த்து, பற்சட்டத்தின் பெயரான கிரெமயேராவை வைத்தார்கள். ஜப்பானில் வழங்கும் சக்கு என்ற பெயர், கயிற்றை இழுத்து மூடும் சுருக்குப்பையைக் குறிக்கும் கின்சக்குவிலிருந்து வந்தது. சுருக்குப்பை நம் பாட்டிகளின் இடுப்பிலும் இருந்ததுதானே!

தமிழில் என்ன சொல்லலாம்? பல்லைப் பார்த்தால் பல்லிணை என்று ஆக்கத் தோன்றும். எழுத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் கேட்பவருக்குப் பல் மருத்துவம் நினைவுக்கு வந்துவிடும். ஒலியை நாடி சீப்பு என்று சொல்லவும் ஆசை வரும். அதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது: தலைவாரும் சீப்புக்கும் பல் உண்டு, கோட்டைக் கதவுக்குக் காவலாக விழும் மரத்துக்கும் சீப்பு என்றே பெயர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை அடுக்கும்போது எழுவும் சீப்பும் என்று சேர்த்துச் சொல்கிறது. பல்லும் மூடலும் ஒரே சொல்லுக்குள்! இருந்தாலும் இன்று கடையில் போய்ச் சீப்பு கேட்டால் தலைவாரும் சீப்புதான் கையில் வரும்.

எனக்குச் சரியென்று படுவது இழுபூட்டு. பூட்டு என்றால் சாவி வேண்டுமே என்று சிலர் தயங்குவார்கள். சாவி அந்தச் சொல்லோடு பின்னால் ஒட்டிக்கொண்டது. பூட்டுதல் என்றால் பொருத்தி இணைப்பது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். செய்யுளின் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் இணைந்து பொருள் தருவதை நன்னூல் பூட்டுவில் என்கிறது. வில்லின் இரு முனையும் நாணால் இணைவது மாதிரி என்பது அதன் கருத்து. இரண்டு நாடாக்களின் பற்களை ஒன்றோடொன்று பொருத்துவதும் இதே வேலைதான். இழு என்பதை முன்னால் வைத்தால் ஊறுகாய்போல் வினைத்தொகையாக நிற்கும். எப்படிப் பூட்டுவது என்பதும் பெயருக்குள்ளேயே வந்துவிடும். ஜட்சனின் காப்புரிமைத் தலைப்பில் இருந்த பூட்டவும் திறக்கவும் என்ற கருத்தோடும் இது ஒத்துப்போகிறது.

பேச்சில் ஜிப் இருக்கட்டும். அதை யாரும் விரட்ட வேண்டியதில்லை. பாடநூலிலும் விளக்கக் குறிப்பிலும் எழுதும்போது இழுபூட்டு வைத்த கம்பளிச் சட்டை, இழுபூட்டுப் பை, இழுபூட்டுக் காலணி என்று தயங்காமல் எழுதலாம். உறுப்புகளுக்கும் பெயர் தேடி அலைய வேண்டாம்: இரு பக்கமும் நாடா, அதில் பல். நடுவில் ஓடுவதைத் தையல்காரர்கள் ரன்னர் என்கிறார்கள். ஓடுவதால் அதை ஓடி என்றே சொல்லலாம். ஜிப் வாய் பிளந்துகொண்டது என்று கொண்டுபோனால், பெரும்பாலும் பல்லில் குறை இருக்காது. ஓடி தேய்ந்து அகன்றிருக்கும். தையல்காரர் குறட்டால் அதன் இரு விளிம்பையும் மெல்ல நெருக்கிவிட்டு, பல் வரிசையில் கொஞ்சம் மெழுகுவத்தியைத் தேய்த்து, மேலும் கீழும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கையில் கொடுப்பார்.