பாலம் எங்கே இறங்குகிறது?

நெரிசல் மிகுந்த ஒரு சந்திப்பில் மேம்பாலம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் ஊரே மகிழ்ச்சி அடைகிறது. திட்ட வரைபடமும் பார்க்க அழகாகவே இருக்கும். கீழே வாகனங்கள் முட்டி மோதிக்கொண்டிருக்க, மேலே தங்குதடையின்றிச் சாலை ஓடும். போக்குவரத்துப் பொறியாளனாகிய என் மேசைக்கு இப்படி ஒரு வரைபடம் வந்தால், பாலத்தின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டு, அது தரையில் இறங்கும் இடத்தைத் தேடுவேன். அங்கிருந்து அடுத்த சிக்னல் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, அந்தச் சிக்னலில் இந்தச் சாலைக்கு எவ்வளவு நேரம் பச்சை கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், பாலம் பயன்படுமா என்பதில் பாதி தெரிந்துவிடும்.

கணக்கு எளிதுதான். தடையில்லாமல் ஓடும் சாலையில் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 கார்கள் வரை கடத்தும். ஒரு திசைக்கு இரண்டு தடங்கள் உள்ள பாலம் மணிக்கு 3,600 கார்களைக் கொண்டுவந்து இறக்க வல்லது. ஆனால் இறங்கிய இடத்திலுள்ள சிக்னலில் அந்தச் சாலைக்குப் பாதி நேரம்தான் பச்சை என்றால், அதே இரண்டு தடங்களில் 1,800 கார்கள்தான் கடக்க முடியும். பாலத்தில் 2,400 கார்கள் வந்தால் போதும், மணிக்கு 600 கார்கள் தேங்கிவிடும். அரை மணி நேரத்தில் 300 கார்கள், தடத்துக்கு 150. நிற்கும் காருக்கு இடைவெளியையும் சேர்த்து 7 மீட்டர் வைத்துக்கொண்டால் வரிசையின் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பெரும்பாலான மேம்பாலங்களுக்கு அவ்வளவு நீளம் கிடையாது. வரிசையின் வால் பாலத்தின் மேலேறி, மறுபுறம் இறங்கி, எந்தச் சந்திப்பை விடுவிப்பதற்காகப் பாலம் கட்டினார்களோ அதே சந்திப்பில் போய் நிற்கும்.

ஆகவே கட்டுமானத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, இப்போது இருக்கும் சாலை தன் முழுத் திறனுக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னலின் நிறுத்தக் கோட்டருகே ஒரு ஸ்டாப்வாட்ச்சுடன் நின்று பாருங்கள். பச்சை விழுந்ததும் முதல் இரண்டு மூன்று வண்டிகள் கிளம்பத் தயங்கும். நான்காவது வண்டியிலிருந்து, ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒன்று என்று ஓட்டம் சீராகும். அந்த நேரத்தில் சந்திப்பைத் தாண்டிய முப்பதாவது மீட்டரில் ஒரு வாடகைக் கார் ஆளை இறக்குவதற்காக ஓரம் கட்டாமல் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். பின்னால் வந்தவர் பக்கத்துத் தடத்தில் நுழையப் பார்க்கிறார். அங்கே வருபவர் பிரேக் பிடிக்கிறார். இரண்டு தடங்களுமே தளர்ந்து, இரண்டு விநாடி இடைவெளி மூன்றாகிறது. நாற்பது விநாடிப் பச்சையில் 18 வண்டிகள் போக வேண்டிய தடத்தில் 12 வண்டிகளே போகின்றன. சாலையின் திறனில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஒரு வண்டி விழுங்கிவிட்டது! இதற்குச் சிமெண்டும் கம்பியும் தேவையில்லை. சந்திப்புக்கு முன்னும் பின்னும் வண்டி நிறுத்தக் கூடாது என்ற விதியை ஒரு வாரத்துக்கு மட்டும் கடைப்பிடித்துக் கைவிடாமல், நாள்தோறும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் போதும். இதைச் செய்யாமல் பாலம் கேட்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஒருவழிப் பாதையும் அந்த வகையில் சிக்கனமான மருந்துதான், அளவறிந்து கொடுத்தால். இருவழிச் சாலைகள் இரண்டு குறுக்கிடும் சாதாரண நாற்சந்தியில், வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும், சேரும், பிரியும் இடங்கள் மொத்தம் 32. இரண்டு சாலைகளையும் ஒற்றைத் தட ஒருவழியாக்கினால் அவை 5 ஆகிவிடும். எதிர்த்திசை வாகனங்களைக் குறுக்கே வெட்டித் திரும்பும் வேலையே இல்லை என்பதால், சிக்னலில் மாறி மாறிப் பச்சை கொடுக்கும் முறைகள், அதாவது கட்டங்கள், நான்குக்குப் பதில் இரண்டு போதும். ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் மஞ்சளிலும் எல்லாப் பக்கச் சிவப்பிலும் நான்கைந்து விநாடிகள் வீணாகின்றன. அது பாதியாகக் குறைகிறது. அடுத்தடுத்த சிக்னல்களை வரிசையாகப் பச்சையாக்கிக்கொண்டே போவதும் ஒருவழிச் சாலையில்தான் எளிது. இருவழியில் ஒரு திசைக்கு ஒத்துவரும் நேரம் எதிர்த் திசைக்குப் பெரும்பாலும் ஒத்துவராது.

இதில் நடப்பவர்கள் இழப்பதைத் திட்ட அறிக்கைகள் அநேகமாகச் சொல்வதில்லை. ஒருவழியாகிவிட்ட சாலையில் வேகம் கூடுகிறது. எதிரே வண்டி வராது என்ற எண்ணத்தில் ஓட்டுநரின் கவனம் தளர்கிறது. கனடாவின் ஹாமில்டன் நகரில் செய்த ஆய்வொன்றில், நடந்து செல்லும் குழந்தைகள் காயமடையும் விகிதம் இருவழிச் சாலைகளைவிட ஒருவழிச் சாலைகளில் 2.5 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. ஒருவழி அறிவிக்கும்போதே பள்ளி வாசல்களில் வேகத்தடையும், நடப்பவர்களுக்குத் தனிப் பச்சையும், நடுவில் நின்று கடக்கத் திட்டும் அமைக்காவிட்டால், வாகனங்களுக்கு மிச்சமாகும் நிமிடங்களுக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள் என்றே நான் சொல்வேன்.

பஸ் பயணிகளின் பாடும் அப்படித்தான். காலையில் வீட்டெதிரே பஸ் ஏறியவர் மாலையில் வேறொரு தெருவில் இறங்க வேண்டிவரும். போகும் சாலைக்கும் வரும் சாலைக்கும் இடையே ஐந்து நிமிட நடைக்குமேல் இருந்தால், முதியவர்களும் பாரம் சுமப்பவர்களும் பஸ்ஸைக் கைவிடுவார்கள். அவர்களில் சிலர் இருசக்கர வாகனம் வாங்குவார்கள். ஆக, நெரிசலைக் குறைக்க வந்த திட்டமே சாலைக்குப் புது வண்டிகளைக் கொண்டுவரும். ஒருவழிச் சாலையிலேயே பஸ்ஸுக்கு மட்டும் எதிர்த்திசையில் ஒரு தனித் தடம் ஒதுக்குவது நல்ல தீர்வு. அந்தத் தடத்தை நடந்து கடப்பவர்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து பஸ் வரும் என்பதால், தரையில் பெரிய எழுத்தில் எச்சரிக்கையும் தெளிவான தடுப்பும் வேண்டும்.

சுற்றுத் தூரத்தையும் விட்டுவிட முடியாது. கண்ணுக்கெதிரே இருக்கும் கட்டடத்துக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுபவர்கள் பெருகுவார்கள். அபராதத்தால் கொஞ்சம் குறையும், நிற்காது. இரண்டு ஒருவழிச் சாலைகளையும் இணைக்கும் குறுக்குத் தெருக்கள் 200, 250 மீட்டருக்கு ஒன்றாவது திறந்திருந்தால் அந்த ஆசை தானே அடங்கும்.

ஆற்றின் குறுக்கே ஒரே பாலத்தை நம்பியிருக்கும் நகரத்தில் இரண்டாவது பாலம் கட்டுவதை நான் மனமார ஆதரிப்பேன். பழைய பாலம் பழுதுபட்டால் ஊர் இரண்டாகிவிடும் என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது இருந்த ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று மாலை நேரப் போக்குவரத்தோடு இடிந்து விழுந்து 13 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 வாகனங்கள் சென்ற பாலம் அது. இருந்தும் நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை. காரணம், ஆற்றைக் கடக்க வேறு பாலங்களும் இருந்தன. மக்கள் வழியையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டார்கள், சிலர் பயணத்தையே தவிர்த்தார்கள்.

பழைய பாலத்தைப் போவதற்கும் புதிய பாலத்தை வருவதற்கும் என்று ஆளுக்கொரு திசையாகப் பிரித்துவிடும் யோசனை அடிக்கடி வருகிறது. இரண்டும் அருகருகே இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். தள்ளித் தள்ளி இருந்தால் இரு கரைகளிலும் எல்லா வாகனங்களும் ஆற்றோரச் சாலையில் பக்கவாட்டாக ஓடவேண்டி வரும். அந்தக் கரைச் சாலை எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் திசையைப் பிரித்தால், நெரிசல் ஆற்றின் மேலிருந்து கரைக்கு இடம்பெயரும், அவ்வளவுதான்.

புது இணைப்பு ஒன்று எல்லோருடைய பயணத்தையுமே நீளமாக்கிவிடும் என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். டீட்ரிச் பிராஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 1968இல் இதை நிறுவினார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு 4,000 வாகனங்கள் போகின்றன, வழி இரண்டு என்று கொள்வோம். முதல் வழியில் முன்பாதி குறுகல், பின்பாதி அகலம். இரண்டாவது வழியில் முன்பாதி அகலம், பின்பாதி குறுகல். அகலமான பாதியைக் கடக்க எப்போதும் 45 நிமிடம். குறுகலான பாதியில், அதில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையை நூறால் வகுத்தால் வரும் நிமிடங்கள். வாகனங்கள் 2,000, 2,000 எனப் பிரிந்துவிடும், எல்லோருக்கும் 20ம் 45ம் சேர்ந்து 65 நிமிடம். இப்போது முதல் வழியின் நடுவிலிருந்து இரண்டாவது வழியின் நடுவுக்கு, கடக்க நேரமே ஆகாத ஒரு பாலம் போடுகிறோம். குறுகல் எவ்வளவு நிரம்பினாலும் 40 நிமிடத்தைத் தாண்டாது, அகலத்தில் எப்போதும் 45. எனவே எல்லோரும் முதல் குறுகலில் போய், பாலம் ஏறி, இரண்டாவது குறுகலில் இறங்குகிறார்கள். 4,000 வாகனங்களும் இரண்டு குறுகல்களையும் நிரப்பிவிட, 40ம் 40ம் சேர்ந்து 80 நிமிடம். ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85 ஆகும் என்பதால் யாரும் திரும்பவும் மாட்டார்கள். பாலத்தின் மேல் நெரிசலே இல்லை, ஆனால் ஆளுக்குக் கால் மணி நேரம் போய்விட்டது. ஒவ்வொரு புதுப் பாலமும் இப்படித்தான் முடியும் என்று பொருளல்ல. குறுகலான இரண்டு இடங்களைப் பாலம் ஒரே பாதையில் கோத்துவிடுகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நேர்மாறான அனுபவமும் உண்டு. சியோல் நகரத்தின் நடுவே சியோங்கியேசியோன் ஓடையை மூடி எழுப்பியிருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடையில் 2004இல் பஸ் வழித்தடங்களை அடியோடு சீரமைத்து, சாலை நடுவே பஸ்ஸுக்குத் தனித் தடங்கள் கொடுத்தார்கள். சாலையை எடுத்தால் நகரம் முடங்கிவிடும் என்ற அச்சம் பலிக்கவில்லை.

என் பரிந்துரை எளியது. ஒருவழியை முதலில் சோதியுங்கள், பாலத்தைப் பிறகு தீர்மானியுங்கள். நகர்த்தக்கூடிய தடுப்புகள், தற்காலிகக் கோடுகள், போதுமான காவலர்கள் இருந்தால் மூன்று மாதத்தில் ஒருவழியின் நன்மை தீமை தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரக் குழப்பத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், மக்கள் புது வழி பழக அவகாசம் வேண்டும். ஸ்டாக்ஹோம் நகரம், நகர மையத்துக்குள் வந்துபோகும் வாகனங்களிடம் வசூலிக்கும் நெரிசல் கட்டணத்தை 2006இல் சுமார் ஏழு மாதம் சோதனையாக நடத்தி, பிறகு மக்களிடம் வாக்கெடுத்து, 2007இல் நிரந்தரமாக்கியது. சோதனையின்போது நகர மையத்துக்குள் வந்துபோகும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் கண்ட பிறகே மக்கள் மனம் மாறினார்கள். ஒருவழியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். தூண்களை நட்டுவிட்ட பாலத்தை அப்படி எடுக்க முடியாது.

உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். பாலத்தின் இரு முனைகளிலும் வண்டி எண்களைப் பதிவுசெய்து, எத்தனை வாகனங்கள் நேராகப் போகின்றன, எத்தனை அந்தச் சந்திப்பிலேயே திரும்புகின்றன என்று எடுத்திருக்கிறார்களா? பாதிக்குமேல் திரும்புபவை என்றால் அவை பாலத்தில் ஏறவே போவதில்லை. கணக்கெடுத்தது பள்ளிகள் நடக்கும் சாதாரண வேலைநாளிலா, விடுமுறையிலா? வண்டிகளை மட்டும் எண்ணினார்களா, அவற்றில் போகும் ஆட்களையும் எண்ணினார்களா? ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போகிறார்கள், பட்டியலில் அது ஒற்றை வாகனமாக நின்றால் கணக்கே சாய்ந்துவிடும். பிறகு, ஏறுசரிவைப் பாருங்கள். 7 மீட்டர் உயரம் ஏற, 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் பக்கத்துக்கு 210 மீட்டர் பிடிக்கும். அந்த 210 மீட்டரிலும் கீழ்ச் சாலை ஒடுங்கும். அங்கே இப்போது இருக்கும் பஸ் நிறுத்தமும் நடைபாதையும் எங்கே போகும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.