பிஎம்இஜிபி கடன்: நீலகிரியில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட், கோத்தகிரியில் கிரீன் டீ, கூடலூரில் மிளகு, ஏலக்காய் பாக்கெட், குன்னூரில் வர்க்கி. என்ன தொழில் செய்யலாம் என்ற யோசனைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. யோசனை சரியில்லை என்று பிஎம்இஜிபி கடன் கிடைக்காமல் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இடத்தின் காகிதம் சரியில்லை, முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள், புரோக்கர் பேச்சை நம்பினார்கள், இப்படித்தான் நல்ல தொழிலெல்லாம் தொடங்குவதற்கு முன்பே நின்றுபோகிறது.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிஎம்இஜிபி என்பது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்; தொழில் தொடங்க அரசு மானியத்தோடு வங்கிக் கடன். 2008 முதல் இருக்கிறது. 2022-ல் திட்டச் செலவின் வரம்பை உயர்த்தினார்கள்: உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. 18 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. ஆன்லைனில் விண்ணப்பித்து, மாவட்டத் தொழில் மையம், காதி ஆணையம், காதி வாரியம் போன்ற அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கொடுத்த ஒப்புதல் 2025-26 வரைக்குத்தான், அதனால் பணம் செலவழித்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடுவதற்கு முன் இந்த வருடத்துக்கு இலக்கு (மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் கடன் என்ற எண்ணிக்கை) வந்திருக்கிறதா என்று தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி பணக் கணக்கு. 10 லட்ச ரூபாய்த் திட்டம், ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் தொடங்குகிறார் என்று வையுங்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 50 ஆயிரம். மீதி 9.5 லட்சம் வங்கி. மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். இதையே பொதுப் பிரிவு ஆண் நகராட்சிக்குள் தொடங்கினால் சொந்தப் பங்கு 1 லட்சம், மானியம் வெறும் 1.5 லட்சம். பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் எல்லாம் சிறப்புப் பிரிவு. அரசு அறிவித்த மலைப்பகுதியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் கவுன்ட்டரில் அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பொதுப் பிரிவினர் இதைக் குறிப்பிட்டு மனுவாகவே கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

நகராட்சியா ஊராட்சியா என்பதில் மட்டும் மானியத்தில் 10 சதவீத வித்தியாசம். குன்னூர் நகராட்சிக்குள் கடை பிடிப்பதற்கும், பக்கத்தில் உபதலை ஊராட்சியில் பிடிப்பதற்கும் 10 லட்சத்துக்கு மானியத்தில் 1 லட்ச ரூபாய் வித்தியாசம் வரும். வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பெரிய பொறி எது என்றால், இந்தத் திட்டத்தில் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும்தான். கோத்தகிரி பக்கம் ஒரு அக்கா, மெஷின் வாங்கி வைத்துவிட்டால் வங்கி நம்பும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, நகையை அடகு வைத்து சாக்லேட் உருக்கும் மெஷின் வாங்கினார். ஃபீல்டு ஆபீசர் வந்து பார்த்தார். சமையலறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அலமாரியில் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்கள். "இது ஏற்கெனவே நடக்கிற யூனிட்டும்மா" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், விண்ணப்பம் முடிந்தது. கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள், அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். கடன் உத்தரவு கையில் வரும்வரை பில் எதுவும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது.

கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் தகுதி. வேறு ஏதாவது அரசுத் திட்டத்தில் தொழில் மானியம் வாங்கியிருந்தாலும் கிடையாது, பத்து வருடத்துக்கு முந்தையது என்றாலும் சரி. உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல், சேவையில் 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புச் சான்று வேண்டும். எஸ்டேட் பள்ளியில் படித்துச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் தொகையை அந்த வரம்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் நகலுக்கு அலைவதைவிட அது மேல்.

தேயிலைக்காரர்கள் கவனிக்க: தேயிலை, காபி பயிரிடுவதற்கு இந்தக் கடன் கிடையாது. ஆனால் அவற்றை மதிப்புக் கூட்டும் தொழிலுக்கு உண்டு. ரிப்போர்ட்டில் "தேயிலைத் தோட்டம்" என்று ஒரு வரி வந்தாலும் பிடித்துக்கொள்வார்கள். இலையை வாங்கிப் பதப்படுத்தி பாக்கெட் போடுவது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பாக்கெட் என்றதும் இன்னொன்று, நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதைக் கணக்கில் எடுக்காமல், கோவையில் யாருக்கோ போட்ட ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் இடம். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் கழுத்தைப் பிடிக்கும். 1969 ஜன்மம் (பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் தலைமுறையாக இருந்தாலும் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் பலருக்குக் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாத கட்டடத்துக்கு எந்த மேனேஜரும் மெஷின் கடன் கொடுப்பதில்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போகாதீர்கள். மின் இணைப்பும் வரி ரசீதும் உள்ள கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து அந்த முகவரியில் விண்ணப்பியுங்கள். மூன்று வருட வாடகை வரை திட்டச் செலவில் சேர்க்கலாம். நிலம் வாங்கும் செலவைச் சேர்க்க முடியாது. வீட்டு இணைப்பை வணிக இணைப்பாக மாற்ற உரிமையாளர் சம்மதிப்பாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

வங்கியில் "செக்யூரிட்டி என்ன வைப்பீங்க" என்பார்கள். குறிப்பிட்ட வரம்பு வரை (2025-ல் 10 லட்சம்) சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இது மேனேஜருக்கும் தெரியும். வாயால் "முடியாது" என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு முன்னோடி வங்கி மேலாளரையோ (மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைப்பவர்) கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளையோ பாருங்கள். காகிதம் இல்லாத புகாரை யாரும் எடுப்பதில்லை. போகும் முன் சிபிலையும் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) பாருங்கள், மகளிர் குழுவில் வேறொருவர் கட்டாத தவணைகூடச் சில சமயம் உங்கள் பெயரில் நிற்கும்.

கடன் வந்த பிறகும் மானியம் உங்கள் கையில் வராது. தொழில் முனைவோர் பயிற்சிச் சான்றிதழ் கொடுத்த பின் அது வங்கியில் உங்கள் பெயரில் வைப்பாக மூன்று வருடம் கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டி வராது, அந்த அளவு கடனுக்கு வட்டி போடவும் கூடாது. போட்டிருக்கிறார்களா என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள், போடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து வந்து பார்த்து, யூனிட் ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். நடைமுறை மூலதனத்தை (சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான கடன்) அந்த மூன்று வருடத்தில் ஒரு முறையாவது முழு வரம்பையும் தொடும்படி எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. சிக்கனமாகக் கொஞ்சமாக எடுத்து ஓட்டியவருக்கு மானியம் வெட்டுப்படும். என்ன நியாயமோ!

எஸ்சி, எஸ்டி பிரிவினர் இதற்கு முன் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேட்டுவிடுங்கள். 35 சதவீத மானியம், நடக்கிற தொழிலை விரிவாக்கவும் உண்டு.

கடைசியாகப் புரோக்கர்கள். பிஎம்இஜிபி விண்ணப்பம் இலவசம், உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவும் இலவசம். அரசு முத்திரை போலவே போட்டுப் பணம் கேட்கும் தளங்கள் தனியாருடையவை. "தேர்வுக் குழுவில் எனக்கு ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், இந்தத் திட்டத்துக்கு மாவட்டத் தேர்வுக் குழுவை 2020-லேயே எடுத்துவிட்டார்கள்.