யார் எதைத் தொடலாம்: முகில் கணிமையில் பயனர், குழு, வகிபாகம்

யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைமைப் பணிமனை திருநெல்வேலியிலும், கிளைகள் சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை ஆகிய இடங்களிலும் இருப்பதாகக் கொள்வோம். உறுப்பினர்களின் தேசிய அடையாள அட்டை இலக்கம், சேமிப்பு மீதி, கடன் தொகை, பிணை நின்றவர்களின் விபரம் என முன்பு பேரேடுகளில் எழுதி இரும்புப் பெட்டகத்தில் வைத்த அனைத்தும் இன்று வேறொரு நாட்டுத் தரவு மையத்தில், வாடகைக்குப் பெற்ற சேவையகங்களில் இருக்கின்றன. இணைய இணைப்புள்ள எந்த இடத்திலிருந்தும் அவற்றை அணுகலாம் என்பதே முகில் கணிமையின் பயன். அதே காரணத்தால், அறைக் கதவும் பெட்டகமும் செய்துவந்த காவல் வேலை முழுவதும் இப்போது ஒரு மென்பொருளின் பொறுப்பாகிவிட்டது. அந்த மென்பொருள் யாருக்கு, எதை, எந்த அளவுக்கு அனுமதிப்பது என்று எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை அறிந்துகொள்வது, கணினித் துறையினருக்கு மட்டுமன்றி இத்தகைய நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும் அவசியமானது.

சிறிய பணிமனைகளில் அடிக்கடி நிகழ்வது, சேவையைத் தொடங்கிய நாளில் உருவாக்கிய ஒரேயொரு கணக்கை எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துவதாகும். வேலை தடையின்றி நடப்பதால் அதில் தவறேதும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு நாள் கடன் பதிவொன்றில் தொகை மாற்றப்பட்டிருப்பது தெரியவந்தால், செயற்பாட்டுப் பதிவேடு அந்த ஒரே கணக்கின் பெயரையே காட்டும். மாற்றியவர் யாரென்று கண்டறிய வழியிராது. அதைவிட வருத்தத்துக்குரியது, மாற்றாத ஒருவர் தாம் அதைச் செய்யவில்லை என்று நிறுவவும் வழியிராது. ஆகவே ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது ஊழியர்மீதான சந்தேகத்தால் விதிக்கப்படும் கட்டுப்பாடன்று. அது முதலில் அந்த ஊழியருக்கே பாதுகாப்பு.

ஒவ்வொரு கோரிக்கையின்போதும் முகில் சேவை இரண்டு கேள்விகளுக்கு விடை காண்கிறது. கேட்பவர் யார் என்பது முதலாவது. அவர் இதைச் செய்யலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்கான விடை கடவுச்சொல்லாலும், கைத்தொலைபேசிச் செயலி 30 விநாடிகளுக்கொருமுறை மாற்றிக் காட்டும் ஆறிலக்க எண் போன்ற இரண்டாம் சான்றாலும் கிடைக்கிறது. கணினியில் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம், 1961இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்ட, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறைமையோடு வேரூன்றியது. அடுத்த ஆண்டே அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கோரிப் பெற்றுக்கொண்டார். கேட்பவர் யாரென்று உறுதிசெய்யும் ஏற்பாடு அங்கு இருந்தது. அந்தக் கோப்பை அச்சிடக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டா என்று எவரும் சரிபார்க்கவில்லை. இந்த இரண்டாம் கேள்விதான் நமது பொருள்.

1971இல் பட்லர் லாம்ப்சன் என்ற கணினி அறிவியலாளர் இக்கேள்வியை ஓர் அட்டவணையாக வடித்தார். வரிசைகளில் பயனர்கள், நிரல்களில் கோப்புகள் முதலான வளங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அப்பயனர் அவ்வளத்தின்மீது செய்யத்தக்க செயல்கள். கோட்பாட்டளவில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நடைமுறையில் நமது சங்கத்தில் 40 ஊழியர்களும் 60 வளங்களும் இருப்பின் 2,400 கட்டங்களை ஒருவர் நிரப்ப வேண்டும். ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் ஒரு வரிசையை முழுவதுமாக மீள எழுத வேண்டும். எவரும் அதைத் தொடர்ந்து பிழையின்றிச் செய்ய மாட்டார்கள். பிழை நேரும்போது அது பெரும்பாலும் கூடுதலாகக் கொடுக்கும் பக்கமே சாயும், ஏனெனில் அனுமதி குறைந்தால் ஊழியர் உடனே முறையிடுவார். கூடினால் எவரும் முறையிடுவதில்லை.

அமெரிக்கத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992இல் முன்வைத்த தீர்வு, ஆளுக்கும் வளத்துக்கும் இடையில் வகிபாகம் என்ற ஒரு படியை வைப்பதாகும். ரவி சந்துவும் அவருடன் பணியாற்றியோரும் 1996இல் அதை முறையான மாதிரிகளாக விரித்தெழுதினர். 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இதன்படி அனுமதிகள் ஆட்களுக்கு வழங்கப்படுவதில்லை. காசாளர், கடன் உத்தியோகத்தர், கிளை முகாமையாளர், உள்ளகக் கணக்காய்வாளர், முறைமை நிருவாகி ஆகிய வகிபாகங்களுக்கே வழங்கப்படுகின்றன. பின்னர் ஆட்கள் அவ்வகிபாகங்களில் அமர்த்தப்படுகிறார்கள். மேற்சொன்ன சங்கத்தில் ஐந்து வகிபாகங்களுக்கும் 60 வளங்களுக்கும் 300 கட்டங்கள், 40 ஊழியர்களுக்கு 40 நியமனங்கள், ஆக 340 முடிவுகளே தேவைப்படும். எண்ணிக்கை குறைந்ததைவிட முக்கியமானது, அந்த 300 கட்டங்களும் சங்கத்தின் கடமைப் பட்டியலை ஒத்திருப்பதுதான். கணினியறிவு இல்லாத பணிப்பாளர் சபை உறுப்பினர் ஒருவரும் அதை வாசித்து, காசாளருக்குக் கடன் அங்கீகரிக்கும் உரிமை ஏன் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க முடியும்.

முகில் சேவைகள் இந்தக் கருத்துடன் எல்லை என்ற ஒன்றையும் சேர்த்துக்கொண்டன. மைக்ரோசொப்டின் அஷூர் சேவையில் ஓர் அனுமதி நியமனம் மூன்று பகுதிகளால் ஆனது: யாருக்கு, எந்த வகிபாகம், எந்த எல்லைக்குள். எல்லைகள் படிநிலையாக அமைந்தவை. முகாமைத்துவக் குழு, சந்தா, வளக் குழு, தனி வளம் என்று மேலிருந்து கீழாக இறங்குகின்றன. மேற்படியில் கொடுத்த அனுமதி கீழுள்ள எல்லாவற்றுக்கும் தானாகவே செல்லும். கூகுளின் முகில் சேவையிலும் நிறுவனம், கோப்புறை, செயற்றிட்டம், வளம் என்று ஏறத்தாழ இதே ஒழுங்கு உண்டு. பருத்தித்துறைக் கிளை முகாமையாளருக்குத் தமது கிளையின் எல்லைக்குள் மட்டும் வகிபாகத்தை வழங்கினால், சாவகச்சேரிக் கிளையின் உறுப்பினர் விபரம் அவர் கண்ணில் படாது. அதே வகிபாகத்தை அவசரத்தில் மேற்படியில் வழங்கிவிட்டால், நான்கு இடங்களின் தரவுகளும் அவருக்குத் திறந்துவிடும். என் மதிப்பீட்டில், வகிபாகத்தைத் தவறாகத் தெரிவு செய்வதைவிட எல்லையைத் தேவைக்கு மேல் விரிவாக வைப்பதே கவனத்துக்கு வராமல் நீடிக்கும் பிழை, ஏனெனில் வகிபாகத்தின் பெயர் சரியாகவே தோன்றும்.

அமேசனின் சேவையில் அனுமதிகள் கொள்கைக் கூற்றுகளாக எழுதப்படுகின்றன. இன்ன செயல், இன்ன வளத்தின்மீது, இன்ன நிபந்தனையில், அனுமதி அல்லது மறுப்பு என்பதே ஒவ்வொரு கூற்றின் வடிவம். கோரிக்கை வந்தவுடன் அதற்குரிய கூற்றுகள் அனைத்தும் ஒருங்கே பார்க்கப்படும். எந்தக் கூற்றும் எதுவும் சொல்லாவிடின் விடை மறுப்பு. ஒரு கூற்று அனுமதித்தால் விடை அனுமதி. ஆனால் வேறெங்கேனும் வெளிப்படையான மறுப்பு ஒன்று இருப்பின், எத்தனை அனுமதிகள் இருந்தாலும் அந்த மறுப்பே வெல்லும். சொல்லப்படாதது மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதும், ஒவ்வொருவருக்கும் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையே இருக்க வேண்டும் என்பதும், 1975இல் ஜெரோம் சோல்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் வகுத்த எட்டு வடிவமைப்பு நெறிகளில் இடம்பெற்றவை. அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றுக்கு மாற்று எதுவும் தேவைப்படவில்லை.

வேலையைச் செய்யும் உரிமையும், அந்த உரிமையைப் பிறருக்கு வழங்கும் உரிமையும் வெவ்வேறானவை. அஷூரில் பங்களிப்பாளர் என்ற வகிபாகம் பெற்றவர் வளங்களை உருவாக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஆனால் எவருக்கும் வகிபாகம் வழங்க இயலாது. உரிமையாளர் வகிபாகத்துக்கு அதுவும் இயலும். வகிபாகம் வழங்கக்கூடியவர் தமக்கே எதையும் வழங்கிக்கொள்ளலாம் என்பதால், அந்த ஓர் உரிமையை உடையவரை எல்லா உரிமைகளும் உடையவராகவே கருத வேண்டும். சேவையை நிறுவித் தரும் தொழில்நுட்பவியலாளருக்கு, தடை எதுவும் வராதிருக்கட்டும் என்று உரிமையாளர் வகிபாகத்தையே கொடுத்துவிட்டு, வேலை முடிந்த பின்னும் அதை அப்படியே விட்டுவைப்பது, சங்கத்தின் முழுச் சொத்தையும் ஒருவரின் நன்னடத்தையிடம் ஒப்படைப்பதாகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய மடிக்கணினி களவு போகாது என்று எவராலும் உறுதி கூற இயலாது.

இதனுடன் இணைந்தது கடமைகளைப் பிரித்துவைத்தல். இலங்கை அரச பணிமனைகளில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதன்று. அரசாங்க நிதிப் பிரமாணங்களின்படி ஒரு கொடுப்பனவை அங்கீகரித்தல், சான்றுப்படுத்தல், பணத்தைக் கொடுத்தல் ஆகியவை தனித்தனிப் பொறுப்புகள். வகிபாக முறைமையில் இதே ஒழுங்கை, ஒன்றையொன்று விலக்கும் வகிபாகங்களாக எழுதிவைக்கலாம்: கடன் விண்ணப்பத்தைப் பதியும் வகிபாகத்தில் இருப்பவரை அதை அங்கீகரிக்கும் வகிபாகத்தில் சேர்க்க முயன்றால் முறைமையே மறுத்துவிடும். தாளில் எழுதிய விதியை மீற முடியும், பின்னரே கணக்காய்வில் அகப்படும். இங்கே மீறுவதற்கான வாய்ப்பே இராது.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்த பின்னரும் காலப்போக்கில் சீர்குலைவது ஒன்று உண்டு. எழுதுவினைஞராகச் சுன்னாகத்தில் சேர்ந்த ஒருவர், மூன்று ஆண்டுகளின் பின் சாவகச்சேரியில் கடன் உத்தியோகத்தராகிறார். இடையில் ஒருவரின் பிரசவ விடுமுறைக் காலத்தில் காசாளராகப் பதிற்கடமை பார்க்கிறார். பின்னர் தலைமைப் பணிமனைக்கு வருகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் புதிய அனுமதி தவறாமல் சேர்க்கப்படும், ஏனெனில் அதில்லாமல் அடுத்த நாள் வேலை ஓடாது. பழைய அனுமதியை அகற்றும்படி நினைவூட்ட எதுவும் நிகழ்வதில்லை. இறுதியில் சங்கத்தில் மிக அதிக அதிகாரம் உடையவர் தலைவரோ முகாமையாளரோ அல்லர், மிக அதிக தடவை இடமாற்றம் பெற்றவரே. ஒரே வேலையைச் செய்வோரின் கணக்குகளை ஒரு பெயரின்கீழ் சேர்த்துவைப்பதே குழு. அதன் பயன் இங்குதான் முழுமையாகப் புலப்படுகிறது. அனுமதியை ஒருபோதும் தனிக் கணக்கில் நேரடியாக ஒட்டாமல், சுன்னாகம் எழுதுவினைஞர், சாவகச்சேரிக் கடன் உத்தியோகத்தர் போன்ற குழுக்களுக்கு வகிபாகத்தை வழங்கி, ஆட்களைக் குழுக்களுக்கிடையில் நகர்த்தினால், ஒரு குழுவிலிருந்து பெயர் நீங்கியவுடன் அதனோடு வந்த அனைத்தும் நீங்கிவிடும். பதிற்கடமை போன்றவற்றுக்கு முடிவு நாள் குறித்தே குழுவில் சேர்க்கும் வசதி பெரிய சேவைகள் சிலவற்றில் உண்டு. அதை வழக்கமாக்கிக்கொண்டால், அகற்ற மறந்தாலும் அனுமதி தானே காலாவதியாகும்.

பெயரை நீக்கிய அந்தக் கணமே கதவு மூடிவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. ஒவ்வொரு சொடுக்குக்கும் கடவுச்சொல்லைக் கேட்க இயலாது என்பதால், பயனர் ஒருமுறை உள்நுழைந்ததும் சேவை அவருக்கு ஓர் அணுகல் வில்லையை வழங்குகிறது. அதில் அவர் யார், எப்போது வழங்கப்பட்டது, எப்போது காலாவதியாகும் என்பவை எழுதப்பட்டு, இரகசியச் சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். அரக்கு முத்திரையிட்ட கடிதத்தைப் போல, இடையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது செல்லாது. மைக்ரோசொப்டின் அடையாளச் சேவையில் இவ்வில்லைகள் வழமையாக 60 முதல் 90 நிமிடங்கள் வரை செல்லுபடியாகும். அமேசனில் ஒரு வகிபாகத்தை ஏற்பவருக்குக் கிடைக்கும் தற்காலிகச் சான்றுகளின் ஆயுளை 15 நிமிடம் முதல் 12 மணித்தியாலம் வரை வகுக்கலாம். ஆகவே ஊழியர் ஒருவர் மனக்கசப்புடன் விலகும்போது கணக்கை முடக்குவதோடு, நடப்பிலுள்ள அமர்வுகளையும் இரத்துச் செய்ய வேண்டும். இதற்கான கட்டளை எல்லாப் பெரிய சேவைகளிலும் உண்டு. அது இருப்பதையே பலர் அறிவதில்லை.

மனிதர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். ஒவ்வோர் இரவும் தரவுகளைப் பிரதியெடுக்கும் நிரல், உறுப்பினருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஆகியவற்றுக்கும் வகிபாகம் தேவை. அவற்றின் அனுமதிகளை எவரும் நாளாந்தம் பார்ப்பதில்லை என்பதால் ஆபத்து அங்கு அதிகம். 2019இல் அமெரிக்காவின் கப்பிற்றல் வன் வங்கியில் நிகழ்ந்தது இதுவே. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வடிகட்டும் இணையத் தீச்சுவர் ஒன்று அங்கு தவறாக அமைக்கப்பட்டிருந்தது. ஊடுருவிய ஒருவர் அதை ஏமாற்றி, சேவையகம் தன்னைப் பற்றிய விபரங்களை உள்ளேயிருந்து கேட்போருக்கு மட்டும் தரும் முகவரியிடம் கேட்கச் செய்து, அதன் வகிபாகத்துக்குரிய தற்காலிகச் சான்றுகளைப் பெற்றார். தீச்சுவர் ஒன்றுக்கு வாடிக்கையாளர் கோப்புகளைப் பட்டியலிட்டு வாசிக்கும் தேவை இல்லை. ஆயினும் அந்த வகிபாகத்துக்கு அவ்வுரிமை இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 100 மில்லியன் பேரினதும் கனடாவில் 6 மில்லியன் பேரினதும் விபரங்கள் வெளியேறின. 2020இல் வங்கிக்கு 80 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தீச்சுவரின் வகிபாகம் அதன் வேலைக்கு வேண்டிய அளவில் நின்றிருந்தால், ஊடுருவல் நிகழ்ந்தும் களவு போக எதுவும் இருந்திராது.

நமது நிறுவனங்கள் பலவற்றுக்கு இன்னொரு தேவையும் உண்டு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட உதவுகிறார். வெளியிலிருந்து கணக்காய்வாளர் வருகிறார். இவர்களுக்கென உள்ளூரில் புதிய கடவுச்சொல் உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கின் அடையாளத்தையே ஏற்று, விருந்தினர் குழுவொன்றில் சேர்த்து, வாசிக்க மட்டும் உரிமையுள்ள வகிபாகத்தை முடிவு நாளுடன் வழங்கலாம். அடையாளத்தை அவர்களுடைய நிறுவனம் உறுதிசெய்யும். அனுமதியை நாம் தீர்மானிப்போம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் கையாள்வோர் தக்க தொழில்நுட்ப, ஒழுங்கமைப்பு ஏற்பாடுகளால் அவற்றின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று கூறுவதால், இத்தகைய ஒழுங்கைச் சிறிய சங்கங்களும் தள்ளிப்போட இயலாது.

கடைசியாக, எல்லாப் பூட்டுகளும் ஒருசேரச் சிக்கிக்கொள்ளும் நாளுக்கான ஏற்பாடு. ஒரேயொரு நிருவாகி தமது கைத்தொலைபேசியை இழந்தாலோ, இரண்டாம் சான்றுச் சேவை செயலிழந்தாலோ, சங்கமே தன் தரவுக்கு வெளியே நின்றுவிடும். இதற்காக எவருடைய அன்றாட வேலைக்கும் பயன்படாத இரண்டு அவசரகாலக் கணக்குகளையேனும் வைத்திருக்கும்படி மைக்ரோசொப்ட் பரிந்துரைக்கிறது. அவற்றின் சான்றுகளை வெவ்வேறு இடங்களில், ஒன்றைத் தலைமைப் பணிமனைப் பெட்டகத்திலும் மற்றதை வங்கிப் பாதுகாப்புப் பெட்டியிலும் வைக்கலாம். அக்கணக்குகளில் ஒன்று எப்போது உள்நுழைந்தாலும் தலைவருக்கும் பொருளாளருக்கும் உடனே அறிவித்தல் செல்லுமாறு அமைக்க வேண்டும். அவை உண்மையில் திறக்கின்றனவா என்று மூன்று மாதங்களுக்கொருமுறையேனும், இருவர் முன்னிலையில், உள்நுழைந்து பார்த்துக் கூட்டக் குறிப்பில் பதிந்துவைக்க வேண்டும்.