அ⁴ + 4 எப்போது பகா எண் ஆகும்?

மலேசியாவில் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் படிக்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: அ என்பது 1, 2, 3 என்று போகும் எண். அ⁴ + 4 எப்போதெல்லாம் பகா எண்?

உடனே கால்குலேட்டரைத் தட்டுவார்கள். 5, 20, 85, 260, 629 என்று வரும். முதலாவது பகா எண். நடுவில் உள்ள மூன்றும் பார்த்ததுமே விழுந்துவிடும். 629 சற்று மிரட்டும். அதுவும் 17 × 37தான். அ = 15 என்றால் 50629. இதை உடைக்க 197 வரை வகுத்துப் பார்க்க வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கால்குலேட்டரை மூடிவிட்டு, 4அ²ஐக் கூட்டி, அதையே கழியுங்கள். அ⁴ + 4அ² + 4 என்பது (அ² + 2)². அதிலிருந்து (2அ)² போகிறது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். படிவம் இரண்டிலேயே படித்ததுதான்:

அ⁴ + 4 = (அ² + 2அ + 2)(அ² − 2அ + 2)

பிரெஞ்சுக் கணித மேதை சோஃபி ஜெர்மைன் பெயரால் வழங்கும் சமன்பாடு இது. கோலாலம்பூரில் பல அடுக்குமாடிகளின் லிஃப்டில் 4 இருக்காது, 3ஏதான்; சீனர்களுக்கு அது ராசியில்லாத எண். இங்கேயோ அந்த 4 இருப்பதால்தான் அ⁴ + 4 என்ற கோவை உடைகிறது. 3 என்றால் இந்த வித்தை பலிக்காது.

இரண்டாகப் பிரியும் எண் பகா எண்ணாக வேண்டுமானால் ஒரு காரணி 1 ஆக வேண்டும். சிறிய காரணி (அ − 1)² + 1. அது 1 ஆவது அ = 1 என்ற ஒரே இடத்தில். ஆக, விடை 5 மட்டுமே.

கோவை பிரியாவிட்டால் மட்டும் நிம்மதியா? கணித மேதை ஆய்லரின் அ² + அ + 41, 0 முதல் 39 வரை பகா எண்களாகவே தந்து, 40இல் 41 × 41 ஆகிவிடும். முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக் கோவைக்கும் இதே கதிதான். ஓரிடத்தில் ப என்ற பகா எண் வந்தால், அங்கிருந்து ப அடி தள்ளிப் போனாலும் விடை ப-ஆல் வகுபடும். அ² + 1இல் 2க்கு 5. ஐந்தைந்தாக நகர்ந்தால் 7க்கு 50, 12க்கு 145.

மேலே வந்த 50629 என்பது 197 × 257. அந்தக் காரணிகள் இரண்டுமே இந்த 'வர்க்கம் கூட்டல் ஒன்று' இனம்தான்: 197 = 14² + 1, 257 = 16² + 1. இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவின்றி வருமா? 1912இல் ஜெர்மன் கணித அறிஞர் லாண்டாவ் அடுக்கிய நான்கு சவால்களில் இதுவும் ஒன்று. இன்னும் யாரும் நிறுவவில்லை. 1978இல் போலந்துக் கணித அறிஞர் இவானியெக் நெருங்கிப் போனார்: அதிகம் போனால் இரண்டே பகாக் காரணிகள் கொண்ட அ² + 1 எண்கள் முடிவின்றி வரும் என்று நிறுவினார்.