இறுக்கிய நட்டு ஏன் கழல்கிறது? வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்களுக்கு

வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயர் எது சர்வீஸுக்கு வந்தாலும், மூடியைக் கழற்றும் முன் பெட்டியை மெதுவாகச் சாய்த்து உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று கேட்பது என் வழக்கம். உருளும் சத்தம் அடிக்கடி கேட்கத்தான் செய்கிறது. 3 எம்.எம். நட்டின் அகலம் 5.5 மில்லிமீட்டர். அவுட்புட் ஐசியின் கால்களோ, ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜின் கால்களோ பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அந்த அளவுக்குத் தள்ளி இருக்காது. கழன்ற நட்டு அங்கே போய் உட்கார்ந்தால் ஐசி போய்விடும். அப்புறம் ‘டூப்ளிகேட் ஐசி கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரர் மேல்தான் பழி விழும்.

‘நன்றாகத்தானே இறுக்கினேன்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் இறுக்கிய அன்றைக்கு இருந்த பிடி நாள்பட நாள்பட அப்படியே இருப்பதில்லை. இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போலக் கொஞ்சம் நீளுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. போல்ட் சிறியதாக இருந்தால் இந்த நீட்சி மிகக் குறைவு. 10 மி.மீ. தடிமனைப் பிடிக்கும் இரும்பு போல்ட்டை நன்றாக இறுக்கினாலும் சுமார் 15 மைக்ரான்தான் நீளும். 1.6 மி.மீ. பிசிபியை (பாகங்களைச் சால்டர் செய்யும் போர்டு) மட்டும் பிடிக்கும் போல்ட் இரண்டு மூன்று மைக்ரானுக்கு மேல் நீளாது. அதன் அடியில் இருக்கும் பவுடர் கோட்டிங் பெயின்ட் கொஞ்சம் நசுங்கினாலே அந்த இழுவிசை மொத்தமும் காலி. நட்டு இன்னும் ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது, ஆனால் பிடி போயிருக்கும்.

அதற்குப் பிறகு அதிர்வு வேலையைக் காட்டும். யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடப் பக்கவாட்டில் பாகங்கள் வழுக்கும் அசைவே நட்டை அதிகம் கழற்றுகிறது என்று காட்டினார். பிடி குறைந்தால் பாகங்கள் வழுக்கும், வழுக்க வழுக்க மரை தானாகவே திரும்பும். சப் வூஃபர் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் போர்டையும் வைத்துக் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஸ்பீக்கரின் குலுக்கல் முழுவதையும் அந்தச் சின்ன ஸ்க்ரூக்கள்தான் தாங்குகின்றன.

‘ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறேனே’ என்பது அடுத்த பதில். வெட்டுப் போட்ட அந்த வளைய வாஷர், நட்டை முழுதாக இறுக்கியதும் தட்டையாகிவிடும். அதற்கு மேல் அது சாதாரண வாஷர்தான், கழல்வதைத் தடுக்க உதவாது. நாசா 1990-ல் வெளியிட்ட ஃபாஸ்டனர் கையேடே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழக்கத்தில் போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, அதை நம்பித் தூங்குவதுதான் கெடுதல்.

என் முதல் தேர்வு நைலாக் நட்டு. உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரையை இறுகப் பிடித்துக்கொள்வதால், இழுவிசை குறைந்தாலும் நட்டு கழன்று விழாது. போல்ட்டின் முனை நைலானைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தப் பிடி குறையும். விரலாலேயே திருக முடிகிற நைலாக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நைலாக் போட இடமில்லாதபோது, அதாவது ஸ்க்ரூ நேராக பித்தளை ஸ்பேசருக்குள் போகும்போது, மரைப் பசை நல்லது. லாக்டைட் என்ற பிராண்டில் ஊதா நிற 222 இப்படிச் சிறிய மரைகளுக்காகவே வந்தது. நீலம் 243 அதைவிடப் பலமானது. சிவப்பு 271-ஐ எலெக்ட்ரானிக்ஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். அதைக் கழற்ற 250 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அதற்குள் போர்டு கருகிவிடும். இந்தப் பசை காற்றில்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுத்தான் இறுகும். அதனால் பிளாஸ்டிக் மரையில் பலன் இல்லை. அதோடு அக்ரிலிக், ஏபிஎஸ், பாலிகார்பனேட் ஆகியவற்றில் பட்டால் விரிசல் விடவும் வைக்கும். அக்ரிலிக் பெட்டி செய்கிறவர்களுக்கு நைலாக்கும் அகல வாஷரும்தான் வழி. ஃபெவிக்விக் போன்ற பசையும் வேண்டாம். அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து, பக்கத்தில் இருக்கும் சுவிட்ச், வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றின் கான்டாக்ட்டைக் கெடுத்துவிடும்.

எல்லா ஸ்க்ரூவும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால், மூடியில் உள்ள நாலு ஸ்க்ரூவும் லூஸானால்கூட உடனே கவலைப்பட வேண்டாம், கடகடவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டிய இடம், டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க். அங்கே பிடி தளர்ந்தால் சத்தமே வராது. சூடு சிங்க்குக்கு இறங்காமல் டிரான்சிஸ்டருக்குள்ளேயே ஏறும், ஒரு நாள் பாட்டு ஓடும்போதே எரிந்து ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அடியில் வைக்கும் ரப்பர் போன்ற சிலிக்கான் பேட் சூடேறி ஆறும்போது அமுங்குகிறது, பிடியும் அதோடு குறைகிறது. இங்கே கூம்பு வாஷர் (வெட்டு இல்லாமல் கூம்பாகக் குவிந்திருப்பது) உண்மையிலேயே உதவும், ஏனென்றால் அமுங்கிய அளவுக்கு அது விரிந்து அழுத்தத்தைத் தக்கவைக்கும். பயத்தில் அளவுக்கு மீறி முறுக்கவும் கூடாது. டிஓ-220 என்ற வகை டிரான்சிஸ்டர், ஐசிகளின் ஸ்க்ரூ ஓட்டை ஒரு ஓரத்தில் இருப்பதால், அதிகம் முறுக்கினால் மறுபக்கம் சிங்க்கைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். அரை நியூட்டன் மீட்டர் அளவு போதும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் டிரைவர் இல்லையென்றால், உள்ளங்கையால் முறுக்காமல் மூன்று விரலால் பிடித்து இறுக்குங்கள்.

அடுத்த ஆபத்து மெயின்ஸ் வயர் வரும் டெர்மினல் ஸ்க்ரூ. பிசிறு வராமல் இருக்கட்டும் என்று வயர் நுனியில் ஈயம் வைத்து ஸ்க்ரூவுக்குள் திணிக்கிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், செய்யவே கூடாது. ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெதுவாக நெளிந்து விலகிப்போகும். கான்டாக்ட் லூஸாகி, சூடாகி, சூட்டில் இன்னும் லூஸாகும். வீட்டுச் சாதனங்களுக்கான ஐஇசி 60335 பாதுகாப்புத் தரமே, அழுத்திப் பிடிக்கும் இடத்தில் சப்ளை வயரை இப்படி ஈயம் வைத்துச் சேர்ப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. வயர் நுனிக்குச் சரியான அளவு பின் லக் (ஊசி போன்ற உலோக முனை) போட்டு, கிரிம்ப் கருவியால் நசுக்கிப் பிடிக்க வையுங்கள்.

எர்த் வயருக்குத் தனி போல்ட் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் பிடித்திருக்கும் போல்ட்டில் மாட்டக் கூடாது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ரிங் லக், உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் ஸ்டார் வாஷர், மேலே நைலாக் என்று அடுக்குங்கள். டோராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொன்றும் உண்டு: நடு போல்ட்டின் மேல் முனை மூடியைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு ஷார்ட் சுற்றாகி, அதில் பெரும் கரன்ட் ஓடும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு முழு வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நன்றாக ஆறியதும் ஹீட் சிங்க், டிரான்ஸ்ஃபார்மர் ஸ்க்ரூக்களைத் திரும்ப ஒருமுறை இறுக்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கடைசியாக, நட்டிலிருந்து பெட்டித் தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது கோடு விலகியிருந்தால் எந்த நட்டு திரும்பியது என்று கண்ணாலேயே தெரியும். அப்போது சும்மா இறுக்கிவிட்டு மூடாமல், கழற்றி அடியில் பாருங்கள்: பெயின்ட் நசுங்கியதா, பேட் அமுங்கியதா, பிளாஸ்டிக் நெளிந்ததா என்று.