மலையில் பேட்டரிக்கு எத்தனை வோல்ட்?

டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் கேம்பர் வேனில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) தங்கியவர்கள், "ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் பேட்டரி நிக்கல" என்பார்கள். பேட்டரியை மாற்றும் முன் சார்ஜரைப் பாருங்கள்.

ஈய அமில பேட்டரியில் சார்ஜ் ஏறுவது என்றால், தகட்டில் படிந்த ஈய சல்பேட் கரைந்து பழைய நிலைக்குத் திரும்புவது. குளிரில் இந்த வேதிவினை மந்தமாகிவிடும்; தள்ளிவிடக் கூடுதல் வோல்ட் வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் செல்லுக்குச் சுமார் 4 மில்லிவோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், ஆக 24 மில்லிவோல்ட். 25 டிகிரியில் 14.4 வோல்ட் போதுமென்றால், 5 டிகிரியில் ஏறக்குறைய 14.9 வேண்டும். 14.4-லேயே நிற்கும் சார்ஜர் பச்சை விளக்கைக் காட்டிவிடும். பேட்டரியோ அரைகுறையாகவே இருக்கும். கரையாத சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்பட்டு, பிறகு எதற்கும் அசையாது.

அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களும் இங்கே ஏமாறலாம். குளிர்ந்த அமிலம் அடர்த்தி கூடித் தெரியும். 5 டிகிரியில் மிதவை 1.250 காட்டினால், 27 டிகிரிக்குத் திருத்திய அளவு 1.235தான்.

சரி, 14.9-க்கே திருகி வைத்துவிட்டால்? மேட்டுப்பாளையம் இறங்கியதும் 35 டிகிரி வெயிலில் அதே வோல்ட் பேட்டரியில் உள்ள தண்ணீரை வாயுவாகப் பிரித்து வற்றடிக்கும். அதனால் மலையேறி இறங்கும் வண்டிக்கு வெப்ப உணரி உள்ள சார்ஜர்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உணரி தனி ஒயரில் வந்து, நுனி வளையம் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே இறுக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் உணரி சார்ஜரின் சூட்டைத்தான் அளக்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் கதை வேறு. குளிருக்காக வோல்ட்டைக் கூட்டக் கூடாது; சார்ஜரில் உள்ள ஈக்குவலைஸ் வசதியை (செல்களைச் சமன்செய்ய வோல்ட்டை வேண்டுமென்றே கூட்டுவது) அணைத்தே வைக்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட் தகட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது, உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. உறைபனி இரவில் வண்டிக்கு அடியில் பெட்டியில் இருக்கும் பேட்டரிக்கு இது நடக்கக்கூடியதே. குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆம்பியர் கணக்கு எளிது: 200 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் வகை ஈய அமில பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 20 ஆம்பியர், அதோடு சார்ஜ் ஏறும்போதே ஓடும் விளக்கு, ஃபிரிட்ஜுக்கானது. லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும் என்று 60 ஆம்பியர் சார்ஜர் போடுகிறவர்கள் ஜெனரேட்டரையும் நினைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் ஜெனரேட்டரின் திறனில் கால் பங்கு போய்விடும். 2,000 வாட் என்று எழுதியிருப்பது அங்கே 1,500 கொடுத்தால் அதிகம். 60 ஆம்பியர் சார்ஜர் மட்டுமே 1,000 வாட் இழுக்கும்; கூடவே கெட்டிலைப் போட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும். 30 ஆம்பியர் போதும், ஜெனரேட்டர் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடட்டும்.